407 ட்ரெயினிங் விசாவைக் காட்டி பி.ஆர். விற்கிறார்கள், பணம் கட்டாதீர்கள்

ஆஸ்திரேலியாவுக்கு 407 ட்ரெயினிங் விசாவில் அனுப்புகிறோம், ரெண்டு வருஷத்தில் பி.ஆர்., அதாவது அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கையில் இருக்கும் என்று சொல்லி நம்ம ஊர்ப் பக்கம் இன்னும் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டரிங் முடித்த பையன்கள், மெக்கானிக், வெல்டர் என்று தேடிப் பிடிக்கிறார்கள். என்னிடம் அப்படி வாங்கியது 9 லட்சம். இப்போது எங்கள் தெருப் பையன் ஒருவன் அதே வசனத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க போயிட்டு வந்த விசாதானே, நம்பிக் கட்டலாமா?" என்று போன் செய்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் அந்த விசா என்ன என்று பார்த்துவிடுவோம். 407 என்பது தற்காலிக விசா. அதிகபட்சம் 2 வருஷம். ஏற்கெனவே தெரிந்த தொழிலில் திறமையை வளர்த்துக்கொள்ள ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுப்பதற்காகத் தருவது. நிறுவனம் முதலில் ஸ்பான்சராக அனுமதி வாங்க வேண்டும், அப்புறம் உங்களை நாமினேட் செய்ய வேண்டும், மூன்றாவதாகத்தான் உங்கள் விசா. விண்ணப்பத்தோடு ட்ரெயினிங் பிளான் ஒன்று போகும்: எந்தக் கட்டத்தில் என்ன கற்றுத் தருவார்கள், யார் கற்றுத் தருவார்கள், எப்படிச் சோதிப்பார்கள் என்று. கடையில் ஆள் பற்றாக்குறை, அதை நிரப்ப இந்த விசாவைப் பயன்படுத்தக் கூடாது. தற்காலிகமாகத் தங்குவதுதான் உங்கள் நோக்கம் என்பதை விண்ணப்பத்தில் நீங்களே காட்டவும் வேண்டும். பி.ஆர். தருவதற்கு இந்த விசாவுக்குள் வழியே கிடையாது.

இதை எங்கள் ஏஜென்ட் மாற்றிச் சொன்னார். "தம்பி, ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு இருங்க. முதலாளி நம்ம ஆளு. அவரே பி.ஆர். போட்டுக் குடுத்துடுவாரு." இதெல்லாம் வாயாலும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டிலும் மட்டும்தான். கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் "டாக்குமென்டேஷன் சேவை, தற்காலிக விசா, கட்டணம் திருப்பித் தரப்படாது" என்றுதான் இருக்கிறது. ரசீதிலும் "டாக்குமென்டேஷன் சார்ஜ்" என்பதோடு சரி. பி.ஆர். என்ற எழுத்து எந்தக் காகிதத்திலும் இல்லை. தெரிந்தே செய்த வேலை அது. எமிக்ரேட் பதிவு (வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப இந்திய அரசிடம் செய்யும் பதிவு) இருக்கா என்று என் மாமா கேட்டபோது, "இது ட்ரெயினிங் விசா சார், அதெல்லாம் வேண்டாம்" என்று முடித்துவிட்டார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், வேலைக்குப் போகிறவரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது. பயிற்சி என்று பெயர் வைத்ததே இதற்குள் மாட்டாமல் நழுவத்தான்.

மெல்பர்னில் இறங்கியதும் நான் பார்த்த பயிற்சியைச் சொல்கிறேன். என் ட்ரெயினிங் பிளானில் மெனு தயாரிப்பு, காஸ்டிங், உணவுப் பாதுகாப்பு, கிச்சன் மேற்பார்வை என்று பக்கம் பக்கமாக இருந்தது. நிஜத்தில் காலையில் போனதும் 20 கிலோ வெங்காய மூட்டை ஒன்றை உரித்து வெட்ட வேண்டும். அப்புறம் கிரேவிக்கு அரைப்பு, மதியம் தந்தூர் முன்னால், ராத்திரி பாத்திரம், கடைசியாக எண்ணெய்ப் பிசுக்கு வடிகட்டித் தொட்டியைக் கழுவுவது. எனக்குக் கற்றுத் தருவதாகப் பெயர் போட்டிருந்த சீனியர் செஃப் நான் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகும் மாதாமாதம் மதிப்பீட்டுத் தாளில் அவர் இடத்தில் ஒரு கையெழுத்து இருக்கும். நிரப்பியது முதலாளி. நான் கீழே கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

சம்பளத்தில் நடந்தது இன்னும் மோசம். பே ஸ்லிப்பில் வாரத்துக்கு 38 மணி நேரம், சட்டப்படியான கூலி, எல்லாம் சுத்தமாக இருக்கும். வங்கியிலும் முழுத் தொகை ஏறும். மறுநாள் ஏடிஎம்மில் 400 டாலர் எடுத்துக் கல்லாவில் கொடுத்துவிட வேண்டும். உழைத்தது என்னவோ 60 மணி நேரத்துக்குக் குறையாது. கணக்குப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ட்ரெயினி என்ற பெயர் இருந்தாலும் கடையில் வேலை வாங்கினால் அந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். 2024 ஜூலையில் அது மணிக்கு 24.10 டாலர்.

விசா முடியப் போகும் நேரத்தில் முதலாளியிடம் பி.ஆர். பேச்சை எடுத்தேன். "407ல இருந்து நேரா வராது தம்பி. 482 போடணும். அதுக்கு 40,000 டாலர் ஆகும்" என்றார். 482 என்பது நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசா. ஏஜென்ட்டிடம் கேட்டால், "அது உங்களுக்கும் முதலாளிக்கும் நடுவுல உள்ளது" என்றார். 2015 டிசம்பரிலிருந்து ஸ்பான்சர் செய்வதற்காகப் பணம் கேட்பதும் வாங்குவதும் அங்கே குற்றம். கொடுப்பவர் மீதும் நடவடிக்கை வரலாம், விசா ரத்தாகலாம். "வெளிய சொன்னா நீயும்தான் மாட்டுவே" என்று முதலாளிகள் மிரட்டுவதற்குப் பிடித்துக்கொள்ளும் கயிறு இதுதான். பல பேர் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கும் இதுதான் காரணம்.

407ல் போனவர் யாருமே பி.ஆர். வாங்கியதில்லையா என்று கேட்டால், வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது வேறு விசாவுக்கு, அதன் நிபந்தனைகளைத் தாங்களே பூர்த்தி செய்து வாங்கியது. 482க்குப் போனால் தொழில் பட்டியலில் இருக்க வேண்டும், ஆங்கிலத் தேர்வு வேண்டும், சம்பளம் ஒரு வரம்புக்குக் குறையக் கூடாது; 2025 ஜூலையில் அந்த வரம்பு ஆண்டுக்கு 76,515 டாலராக இருந்தது. அந்த விசாவில் 2 வருஷம் வேலை பார்த்த பிறகு 186 என்ற நிரந்தர விசா வழியாக பி.ஆர். கேட்கலாம். 407ல் கழித்த காலம் அந்த 2 வருஷத்தில் சேராது. வயது, படிப்பு, ஆங்கிலம் என்று புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் வழி என்றால் 45 வயதுக்குள், குறைந்தது 65 புள்ளிகள், அதற்கு முன் தொழில் திறன் மதிப்பீடு. இதில் எதையும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் 'வாங்கித் தர' முடியாது. விசாவில் 8503 என்ற நிபந்தனை போட்டிருந்தால் அங்கே இருந்துகொண்டு பெரும்பாலான விசாக்களுக்கு விண்ணப்பமே போட முடியாது. விசா கிடைத்ததும் வரும் கிரான்ட் லெட்டரை வரி விடாமல் படியுங்கள், வீவோ என்ற ஆஸ்திரேலிய அரசின் விசா சரிபார்ப்புத் தளத்திலும் உங்கள் நிபந்தனைகளைப் பார்க்கலாம்.

பணம் கட்டச் சொன்னால் நேராக ஒன்று கேளுங்கள்: "பி.ஆர். என்று ரசீதில் எழுதிக் கொடுங்க." எழுத மாட்டார்கள். ஆஸ்திரேலிய ஏஜென்ட் எங்களோடு இருக்கிறார் என்றால் அவருடைய மாரா (அங்கே விசா ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) பதிவு எண்ணைக் கேட்டு, பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். ட்ரெயினிங் பிளானை விண்ணப்பம் போகும் முன்பே வாங்கிப் படியுங்கள். எனக்கு அதை விமானம் ஏறும் வாரம்தான் காட்டினார்கள்.

ஏற்கெனவே அங்கே போய் மாட்டியிருப்பவர்களுக்கு: ரோஸ்டரை (வேலை நேரப் பட்டியலை) போட்டோ எடுத்து வையுங்கள், ஏடிஎம் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், வேலை நேரத்தைத் தினமும் போனில் குறித்து வையுங்கள். கூலிப் புகார்களைப் பார்க்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மனிடம் 13 13 94இல் பேசலாம். ஆங்கிலம் தடுமாறினால் 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், இலவசம். சுரண்டப்பட்டதைப் புகார் செய்பவரின் விசா அதனாலேயே ரத்தாகாமல் இருக்க 2024 ஜூலையில் பாதுகாப்பு கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு நிபந்தனைகள் உண்டு, அதனால் முதலில் ஒரு சமூகச் சட்ட உதவி மையத்தில் பேசிவிட்டு அடுத்த அடி வையுங்கள். வராத கூலிக்கு 6 வருஷம் வரை கேட்கலாம், ஊருக்குத் திரும்பிய பிறகும் உரிமை இருக்கிறது. நான் திருச்சியில் இருந்துகொண்டுதான் இப்போது அதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

சென்னையில் வேலைவாய்ப்பு மோசடி என்று போலீசிலும் புகார் கொடுத்திருக்கிறேன். வாய்ஸ் நோட்டுகள், வங்கிப் பரிமாற்றம், ஒப்பந்தம் மூன்றையும் பென் டிரைவில் கேட்டிருந்தார்கள், கொடுத்தாயிற்று. இதேபோல 407ஐக் காட்டிப் பணம் வாங்கிய ஏஜென்ட் யாராவது உங்களிடமும் பேசியிருந்தால் அந்த வாய்ஸ் நோட்டை அழித்துவிடாதீர்கள். எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே ஆள் என்று தெரிந்தால் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.