கறுப்புப் பூச்சு அடித்துத் தருகிறோம் என்றால் முதலில் குனிந்து பாருங்கள்

வீட்டு வாசலிலேயே காரைச் சர்வீஸ் செய்து தருகிறோம் என்று வரும் ஆட்களிடம், அவர்கள் ஜாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எந்த இடத்தில் ஜாக்கி வைப்பீர்கள்? தூக்கிய பிறகு வண்டியை எதன்மேல் நிறுத்துவீர்கள்? இரண்டில் ஒன்றுக்கு மழுப்பினாலும் டீக்காசு கொடுத்து அனுப்பிவிடுங்கள். அது உங்களுக்கு லாபம்.

திருவான்மியூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நடந்தது இது. டயர்களை இடம் மாற்றுவதற்கும் பிரேக்கைச் சுத்தம் செய்வதற்கும் செல்போன் செயலி வழியாக ஒரு நிறுவனத்தில் பதிவு செய்திருந்தேன். 1,200 ரூபாய் என்றார்கள். சீருடை போட்ட இரண்டு இளைஞர்கள் பைக்கில் வந்தார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் விஷயம் என்பதால் வழக்கறிஞர் தோழி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் நடந்ததைச் சொல்லத் தடை இல்லை.

சர்வீஸ் புத்தகத்தை எடுத்துவர மேலே போனேன். லிஃப்டில் இறங்கி வருவதற்குள் காரின் இடப்பக்கம் முழுவதும் தரையை விட்டு எழுந்து நின்றது. முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டும் ஒன்றாக அந்தரத்தில். உருட்டி ஓட்டும் ஹைட்ராலிக் ஜாக்கியை இரண்டு கதவுகளுக்கும் நடுவில், அடிவிளிம்பின் மையத்தில் வைத்து ஒரே தூக்காகத் தூக்கியிருந்தார்கள். ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கினால் நேரமாகுமாம். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு இல்லை. எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு ஒரு கல்கூட முட்டுக் கொடுக்கவில்லை. ஓர் இளைஞன் சக்கர வளைவுக்குள் தலையை நுழைத்து எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, முதலில் வண்டியை இறக்குங்கள்" என்றேன். "மேடம், தினமும் இப்படித்தான் செய்கிறோம். நீங்கள் மேலே போய் உட்காருங்கள், முடிந்ததும் கூப்பிடுகிறோம்" என்றான் மற்றவன். நான் உட்காரவில்லை. இறக்க வைத்து, மூலைக்கு ஒன்றாகத் தூக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். சேதம் அதற்குள் நடந்துவிட்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

அந்த விளிம்பு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று நடக்காது. கதவுகளுக்குக் கீழே, காரின் நீளவாக்கில், தகடுகளைச் சேர்த்துப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்த ஒரு மடிப்பு கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் கத்தி முதுகு அளவுக்குத்தான் கனம். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் மட்டும் உள்ளே கூடுதல் தகடு கொடுத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். அந்த இடத்தைக் காட்ட விளிம்பில் இரண்டு சிறிய வெட்டுகள் இருக்கும். சில கார்களில் முக்கோண அடையாளம் இருக்கும். காருடன் வரும் கத்தரி ஜாக்கியின் தலையில் ஒரு பள்ளம் உண்டு. விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிட, பாரம் இரண்டு பக்கத் தோள்களில் உட்காரும். கடைகளில் உள்ள உருட்டு ஜாக்கியின் தலையோ வட்டமான இரும்புக் கிண்ணம். அதை அப்படியே வைத்தால் பாரம் முழுவதும் அந்த மெல்லிய விளிம்பின்மேல் இறங்கும். விளிம்பு மடங்காமல் என்ன செய்யும்? நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தொழிலாகச் செய்பவன் அதை வைத்துக்கொள்ளவில்லை என்றால் உங்கள் காரைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை என்று பொருள்.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் மாதிரித் தனிச் சட்டத்தின்மேல் கட்டிய வண்டிகளுக்கு இந்தக் கதை பொருந்தாது. அவற்றில் ஜாக்கி வைக்கும் இடமே வேறு. மின்சாரக் கார் என்றால் இன்னும் கவனம் தேவை. பெரும்பாலானவற்றில் காரின் தரைத்தகட்டுக்கு அடியில் முழுக்க பேட்டரிதான். இடம் தவறினால் தகரத்தோடு போகாது.

என்னை இன்றும் பதறவைப்பது விளிம்பு அல்ல, முட்டுக் கொடுக்காதது. யோசித்துப் பாருங்கள். என் கார் முன் சக்கரங்களில் இழுக்கும் சிறிய கார், கைப்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும். இடப்பக்கம் முழுவதும் தூக்கியாயிற்று. கியரில் போட்டிருக்கிறோம் என்றார்கள். முன் சக்கரங்களில் ஒன்று அந்தரத்தில் இருக்கும்போது அந்தக் கியரால் பயனில்லை, டிஃபரென்ஷியல் (இரண்டு முன் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) வழியாகத் தூக்கிய சக்கரம் சும்மா சுழலும், தரையில் இருப்பது தாராளமாக உருளும். ஆக, ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது வலப்பக்கப் பின் சக்கரத்தின் கைப்பிரேக் மட்டுமே. பின் பிரேக் டிரம்மைக் கழற்றக் கைப்பிரேக்கையும் விடுவித்தாக வேண்டும். விடுவித்திருந்தால்? எங்கள் கீழ்த்தளத்தில் பேவர் பிளாக் பதித்திருக்கிறார்கள், மழைநீர் வடிய வாசலை நோக்கிச் சரிவு வேறு. உருட்டு ஜாக்கி தூக்கும்போது அதன் தலை ஒரு வில்லைப்போல வளைந்து நகரும். அதற்கு ஈடாக ஜாக்கியோ காரோ சிறிது உருள வேண்டும். ஜாக்கியின் சக்கரங்கள் கல் இடுக்கில் மாட்டிக்கொண்டால் உருளாது, தலை விளிம்பை விட்டு வழுக்கும். அந்தப் பையனின் தலை அப்போது எங்கே இருந்தது என்று முன்பே சொன்னேன்.

ஹைட்ராலிக் ஜாக்கி என்பது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. உள்ளே எண்ணெயை அடைத்துவைத்திருப்பது ஒரு சிறிய ரப்பர் வளையம். அது எப்போது கசியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தூக்கியவுடன் ஸ்டாண்டின்மேல் இறக்கிவிட வேண்டும். வெறும் ஸ்டெப்னி மாற்றுவதானால் ஸ்டாண்டு இல்லாமலும் சமாளிக்கலாம். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்துக் காரின் அடியில் தள்ளிவிடுவது நல்ல பழைய வழக்கம், ஜாக்கி சரிந்தாலும் வண்டி டயரின்மேல்தான் உட்காரும். அப்போதும் உடம்பின் எந்தப் பகுதியும் அடியில் போகக்கூடாது. மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் கெட்டியான பலகை. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும், தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் வண்டி ஆடும். இதெல்லாம் காருடன் வரும் கையேட்டில் படத்துடன் இருக்கிறது. டேஷ்போர்டு அறைக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்குமே, அதுதான்.

வேலை முடிந்தது என்றதும் ஏமாற்று தொடங்கியது. "மேடம், அடியில் துரு பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. கடல் பக்கம் வேறு. துரு தடுக்கும் பூச்சு அடித்துத் தருகிறோம், 800 ரூபாய்" என்றான் மூத்தவன். கடற்காற்றில் கார் துருப்பிடிப்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த கவலை. சரி என்றேன். ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்து இடப்பக்க விளிம்பு நெடுக அடித்தான். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று கேட்டதற்கு, துரு அந்தப் பக்கம்தான் என்றான். காயும் வரை தொட வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குக் குனிந்து துடைக்கவும் வேண்டாம் என்று அறிவுரை. மொத்தம் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு வேறொரு வேலைக்காக வழக்கமான மெக்கானிக்கிடம் காரை விட்டேன். காரைத் தூக்கும் லிஃப்டில் ஏற்றியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கறுப்புப் பூச்சு பட்டை பட்டையாக உரிந்து தொங்கியது. அதற்குக் கீழே விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு நசுங்கி, உள்பக்கமாக மடங்கி, தகடுகளின் இணைப்பு பிளந்திருந்தது. இணைப்பில் பூசியிருந்த சீலண்ட் வெடித்து, மழைநீர் புகுந்து செந்தூளாகத் துரு. இன்னொன்றையும் அவர் சுட்டிக்காட்டினார். விளிம்புக்கு மேலே இருக்கும் பெட்டி போன்ற பகுதிக்குள் போகும் தண்ணீர் வெளியேற அடியில் சிறு துளைகள் உண்டு. பூச்சை அவற்றின்மேலும் அடித்து அடைத்திருந்தார்கள். துருவைத் தடுக்கிறேன் என்று காசு வாங்கியவர்கள் தண்ணீரை உள்ளே தேக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

டிங்கரிங் கடையில் விளிம்பை நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, பிரைமர், சீலண்ட், பெயின்ட் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். ஒருமுறை மடங்கிய தகடு பழைய பலத்துக்கு வராது, இந்த இடத்தில் இனி யாரையும் ஜாக்கி வைக்க விடாதீர்கள் என்றார் டிங்கரிங் பெரியவர். அங்கே யாரும் வைக்கவே கூடாது என்பதுதான் கதையே, ஐயா.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். இது பழைய அடி, மேடம் என்றார். அதற்கு முந்தைய சர்வீஸில் காரை லிஃப்டில் ஏற்றி எடுத்து எனக்கு அனுப்பியிருந்த வீடியோ செல்போனில் இருந்தது. விளிம்பு நேராக, பெயின்ட் கலையாமல், தேதியுடன் தெரிகிறது. அனுப்பினேன். மறுநாள் பேச்சு மாறியது. அடுத்த சர்வீஸுக்கு 1,000 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். காரை மறுபடியும் அவர்களிடமே தூக்கக் கொடுக்க வேண்டுமாம்!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்த பிறகு பூச்சுக்கு வாங்கிய 800 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. டிங்கரிங் செலவைப் பற்றிப் பேச மறுக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. 6,500 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று என் கணவர் கேட்கிறார். சேதத்தை மட்டும் செய்திருந்தால் விட்டிருப்பேன். அதை மறைக்கிற பெயின்டுக்கு என்னிடமே பில் போட்டதைத்தான் விட முடியவில்லை.

வீடு தேடி வருபவர்களிடம் சமீபத்தில் வேலை வாங்கியிருந்தால் இன்றைக்கே டார்ச் எடுத்துக்கொண்டு குனியுங்கள். வண்டியைத் தூக்க வேண்டாம், அது தரையிலேயே நிற்கட்டும். முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பின் சக்கரம் வரை விளிம்பு ஒரே நேர்க்கோடாக ஓடுகிறதா என்று பாருங்கள். நடுவில் எங்காவது நெளிந்திருந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் புதுக் கறுப்பாக இருந்தாலோ, எதையும் சுரண்டாமல் முதலில் படம் எடுங்கள். பில், செயலியில் வந்த குறுஞ்செய்திகள், பழைய சர்வீஸ் வீடியோ எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். அதன் பிறகு டிங்கரிங் கடைக்குப் போனால் போதும்.