ஐஸோடு உப்பா, ஸ்பிரிட்டா?

மயினிக்கு, அதாவது அண்ணிக்கு, முட்டுவலி. ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஃப்ரீசரில் இருந்து எடுத்த கட்டியோ கருங்கல் மாதிரி, முட்டின் வளைவில் உட்காரவே மாட்டேன் என்கிறது. தண்ணீரில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்து பையில் கட்டி வைத்தால் இறுகாமல் கூழாக நிற்கும் என்றேன்.

"ஸ்பிரிட் ஊத்தினா ஐஸ் உருகிப் போவும்லா, பொறவு எப்படிக் குளிரும்?" என்று கேட்டார். அண்ணனுக்குப் புத்தளம் உப்பளத்தின் மேல் ஒரு பற்று உண்டு. "அதுக்கு உப்பு போதாதா?" என்று அவர் பங்குக்கு ஒன்றைப் போட்டார்.

சரி என்று மூன்று எவர்சில்வர் டம்ளரில் நொறுக்கிய ஐஸைப் போட்டேன். ஒன்றில் ஐஸ் மட்டும், ஒன்றில் பொடியுப்பு, ஒன்றில் மருந்துக்கடை ஸ்பிரிட். வெறும் ஐஸ் டம்ளரின் வெளிப்புறம் வேர்த்தது. உப்பு டம்ளரில் அந்த வேர்வையே வெள்ளைப் பனியாக உறைந்து, விரல் நகத்தால் சுரண்டும்படி ஆனது. ஸ்பிரிட் டம்ளரிலும் பனி பிடித்தது, ஆனால் பிந்தி, மெல்லிசாக. உள்ளே ஐஸ் வேகமாகக் காணாமல் போனது ஸ்பிரிட்டில்தான். ஊற்றியதும் கலந்துவிடுகிற திரவம் அது, உப்பு முதலில் கரைய வேண்டும்.

மயினியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. உருகுவது என்றால் சூடாவது என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு கிராம் ஐஸ் நீராக மாற 334 ஜூல் வெப்பம் வேண்டும். வெளியிலிருந்து அவ்வளவு சீக்கிரம் கிடைக்காவிட்டால், அதைக் கலவையிடமே பிடுங்கிக்கொள்ளும். சாதாரணமாக 0 டிகிரியில் ஐஸைவிட்டுப் போகிற நீர் மூலக்கூறும், திரும்பி வந்து ஒட்டுகிற மூலக்கூறும் சமமாக இருக்கும். உப்போ ஸ்பிரிட்டில் உள்ள ஆல்கஹாலோ நடுவில் புகுந்தால் திரும்பி வருவது குறைகிறது, போவது குறைவதில்லை. ஆகவே ஐஸ் உருகிக்கொண்டே போகிறது, கலவை குளிர்ந்துகொண்டே போகிறது.

எது எவ்வளவு இறக்கும் என்பது முக்கியமாக எத்தனை துகள் புகுந்தது என்பதைப் பொறுத்தது. 1 லிட்டர் நீரில் 100 கிராம் உப்பு போட்டால் உறைநிலை ஏறக்குறைய −6 டிகிரிக்கு வரும். அதே எடை எத்தில் ஆல்கஹால் என்றால் −4 பக்கம். சர்க்கரை என்றால் அரை டிகிரிதான், அதன் மூலக்கூறு அவ்வளவு கனம். உப்பு கரையும்போது இரண்டாகப் பிரிவதால் அதற்கு இரட்டை மதிப்பு. போதாதற்கு ஸ்பிரிட் நீரோடு கலக்கும்போது கொஞ்சம் சூட்டைக் கக்கும். பைப்புத் தண்ணீரில் ஊற்றிக் கலந்து தொட்டுப் பாருங்கள், தெரியும். அதனால்தான் என் டம்ளரில் அது பிந்தியது.

ஆனால் உப்புக்கு ஒரு அடித்தளம் உண்டு. −21 டிகிரிக்குக் கீழே எவ்வளவு கொட்டினாலும் உப்புநீர் முழுக்க உறைந்துவிடும். ஆல்கஹாலுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தூய எத்தில் ஆல்கஹால் உறைய −114 டிகிரி வேண்டும், நீரோடு கலந்த 40 சதவீதச் சாராயத்துக்கே −27. வீட்டு ஃப்ரீசர் −18-ல் நிற்பதால் அந்தச் சாராயம் உறையாது. 5 சதவீத பீர் −2 பக்கத்திலேயே உறைய ஆரம்பித்து பாட்டிலை உடைத்துவிடும்.

எனக்குப் பிடித்த ஒப்பீடு அக்கானி, அதாவது பதநீர்தான். நூற்றுக்கு 12 கிராம் சர்க்கரை என்று வைத்தால் அது −0.7 டிகிரியில் உறையத் தொடங்க வேண்டும். சுண்ணாம்பு இல்லாமல் புளித்துக் கள்ளானால் ஒரு சர்க்கரை மூலக்கூறு நான்கு ஆல்கஹால் மூலக்கூறாகிறது. முழுக்கப் புளித்தால் கணக்குப்படி உறைநிலை −3 வரை இறங்கும். வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமலே இவ்வளவு. இரண்டிலும் முதலில் உறைவது நீர் மட்டும். குச்சி ஐஸை உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் முதலில் போய் வெளுத்த கட்டி மிஞ்சுமே, அதே கதை.

தொழிலில் ஜெயித்தது உப்பு. ஐஸ் பிளான்டில் பார் ஐஸ் உறைவதே குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கிய டின்களில்தான். மலிவு, தீப்பிடிக்காது. ஆனால் சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ மீன் பெட்டியில் அந்த ஐஸோடு உப்பைக் கலந்துவிடாதீர்கள். மீனின் சதை −1, −2 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். அரைகுறையாக உறைந்த மீன் பிறகு சதை விட்டுப்போகும். அங்கே வெறும் ஐஸ்தான் சரி.

முட்டுக்கு வருவோம். இரண்டு பங்கு நீர், ஒரு பங்கு 70 சதவீத ஸ்பிரிட் என்றால் ஃப்ரீசரில் வழவழப்பான கூழ் கிடைக்கும். ஸ்பிரிட் கூடினால் கூழே ஆகாது, வெறும் குளிர்ந்த திரவம்தான். உருக ஐஸ் இல்லாததால் சீக்கிரம் சூடாகிவிடும். லிட்டருக்கு 100 கிராம் உப்பு போட்ட பையும் கூழாகிறது, கொஞ்சம் நறநறவென்று. ஒழுகினால் உப்பு துருவைக் கொண்டுவரும், ஸ்பிரிட் அடுப்பங்கரையில் ஆபத்து. எதை வைத்தாலும் சாதாரண ஐஸைவிடக் குளிர் அதிகம், தோல் புண்ணாகிவிடும். துண்டு சுற்றித்தான் வைக்க வேண்டும், கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

நான் ஸ்பிரிட் கட்சி. மயினி இரண்டு நாள் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வாடை அடிக்குது" என்று உப்புப் பைக்கு மாறிவிட்டார். அண்ணன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.