நிஸ்டாட்டின் வாய்மருந்து: ஐந்துக்கு மூன்று

நாக்கில் தயிர் படிந்த மாதிரி வெள்ளை. பல் துலக்கும்போது வழித்தால் வந்துவிடும், அடியில் சிவந்து எரியும். சாயங்காலத்துக்குள் மறுபடி படிந்திருக்கும். அதைக் காட்டப் போய்த்தான் எனக்கு எச்ஐவி இருப்பதே தெரிந்தது. நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை 86. நிறையப் பேர் வாயில் சத்தமில்லாமல் குடியிருக்கும் காண்டிடா என்ற பூஞ்சைதானாம். சிடி4 200-க்குக் கீழே போனால் துணிந்துவிடுகிறது.

முதலில் கொடுத்தது நிஸ்டாட்டின் திரவம். ஒரு நாளைக்கு நான்கு வேளை. உடனே விழுங்கக் கூடாது. வாயில் வைத்து நன்றாகக் கொப்பளித்து, எல்லா மூலையிலும் பட விட்டு, பிறகுதான் விழுங்க வேண்டும். அப்புறம் கொஞ்ச நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வீட்டில் சரி. அலுவலகத்தில் வாய் நிறைய மருந்தோடு நிற்கும்போதுதான் யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். இரண்டு முறை, எதற்கு என்று தெரியாமலே ‘சரி’ சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் கிடைத்ததில் சர்க்கரையும் சேர்த்திருந்தார்கள். ஏற்கெனவே புண்பட்ட வாய்க்கு நாளுக்கு நான்கு முறை இனிப்பு! பல்லைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை போலும். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது: இது ரத்தத்தில் அநேகமாகக் கலப்பதே இல்லை. அதனால் மற்ற மாத்திரைகளோடு மோதாது. ஐந்தாம் நாள் நாக்கில் உப்பு உறைத்தது.

அது தோற்ற இடம் தொண்டைக்குக் கீழே. விழுங்கினால் நெஞ்சுக்கு நடுவில் கவளம் முள்ளாக இறங்கியது. பூஞ்சை உணவுக்குழாய்க்குப் போய்விட்டது, இனி மேலே பூசுகிற மருந்து எட்டாது என்றார் மருத்துவர். ஃப்ளுகோனசோல், 200 மில்லிகிராம், தினமும் ஒன்று, மூன்று வாரம். எழுதுவதற்கு முன் நான் வேறு என்னென்ன சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இது பல மருந்துகளோடு சண்டை போடும் ரகம். நான்காம் நாள் வலியில்லாமல் சாப்பிட்டேன். இதற்கு நாலரை கொடுப்பேன்.

அதே வாரம் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கும் ஒரு சோதனை. துளி ரத்தம், சின்னப் பட்டை, பத்து நிமிடம். மூளைக்காய்ச்சல் வரை போகக்கூடிய ஆள் அது. ஒரே ஒரு கோடு, அதாவது இல்லை. அந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பெண் போட மனசு வரவில்லை.

பிறகு எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி மாத்திரைகளைத் தொடங்கினேன். ஓராண்டில் சிடி4 240. வெள்ளை திரும்பவில்லை. பாதி மிச்சமிருந்த நிஸ்டாட்டின் பாட்டிலைத் தேதி முடிந்ததும் தூக்கிப் போட்டேன்.