தனுஷ்கோடி ஓலைக் கொட்டகையில் ஒரு மீன் சாப்பாடு

அப்பாவின் முதல் திதியை அக்னி தீர்த்தத்தில் முடித்துவிட்டு, மறுநாள் நான் மட்டும் தனுஷ்கோடி போனேன். இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் சாலையோரமாக ஓலைக் கொட்டகைக் கடைகள், நான் நுழைந்ததற்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. சோறு, மீன் குழம்பு, விளைமீன் வறுவல்.

வறுவலின் முதல் வாய், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வருடத்துக்கு அப்புறம் நாக்கில் ருசி தெரிந்தது அப்போதுதான். அதே மீன், அதே மசாலா, ஆனால் மூன்றாவது துண்டுக்கு வருவதற்குள் மனசு அதற்குப் பழகி பஸ் நேரத்தைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. சரி, அதோடு போயிருந்தால் பரவாயில்லை, 'அப்பாவுக்கு இது பிடிச்சிருக்குமே' என்று தோன்றியதும் தொண்டை அடைத்துக்கொண்டது. சந்தோஷம் வந்த அதே தட்டிலிருந்துதான் துக்கமும் வந்தது.

கடைக்கார அம்மா எதுவும் கேட்கவில்லை, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில், ஊரும் பாம்பனிலிருந்து வந்த ரயிலும் போன அதே ராத்திரியில், தன் அண்ணனைப் பறிகொடுத்தவர். அப்போது கைக்குழந்தையாம், அண்ணன் முகமே தெரியாது என்றார். அவர் வீட்டில் கரைவலைத் தொழில், கரையில் நின்றே வலையை இழுப்பது. ஊருக்கு வடக்கிலும் தெற்கிலும் கடல். "வாடைக் காத்துல வடக்குக் கடல் கொந்தளிக்கும், தெக்குக் கடல் அமந்து கிடக்கும். ஆடியில அப்படியே மாறிரும் தம்பி. எது அமந்து கிடக்கோ அங்க வலையத் தூக்கிட்டுப் போவோம்" என்றார்.

துக்கத்துக்கு வேர் ஆசை என்றார் புத்தர். மறுக்க எனக்கு வழியில்லை, அப்பா மேல் பாசம் இல்லையென்றால் இந்த வலியும் இல்லைதான். ஆனால் அப்படியொரு வலியில்லாத வாழ்க்கை எனக்கு வேண்டாம்.

குறைகள்: காற்றில் சோற்றில் மணல் விழுகிறது, கை கழுவ ஒரு குடம் தண்ணீர்தான். சாப்பாடு 150 ரூபாய், வறுவலுக்கு மீனின் அளவைப் பார்த்துத் தனிக் காசு, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மதியமே போய்விடுங்கள், பொழுது சாய்ந்தால் போலீஸ்காரர்கள் கிளம்பச் சொல்லிவிடுவார்கள்.

லாட்ஜில் இருந்த அம்மாவுக்கு ஒரு துண்டு வறுவல் கட்டித் தரச் சொன்னேன். ராமேஸ்வரம் வந்து சேர்வதற்குள் ஆறிப்போயிருந்தது. அம்மா முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.