நைனாவின் காது மிஷினும் வேலூர் அலைச்சலும்

லீவில் குவைத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக நைனாவின் காதைப் பார்க்க வேலூர் போனோம். குடியாத்தத்தில் லுங்கித் தறியோடு காலம் போனவர். “சத்தம் கேக்குது, பேச்சுதான் புரியல” என்பார். கூடவே ராத்திரியில் ‘ஙொய்ங்’ என்று இரைச்சல்.

சொந்தக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு முதலில் போனது ‘முழுமையான சிகிச்சை’ என்று பலகை மாட்டிய இடத்துக்கு. காதில் எண்ணெய், தலைக்குத் தைலம், பத்தியம். ஒரு மண்டலத்தில் நரம்பு உயிர் பெறுமாம். டெஸ்ட் எடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பணம் மட்டும் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ஆடியோகிராம் எடுத்தார்கள்; எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம் அது. (காந்தி ரோட்டில் பெங்காலிப் பலகைகளைப் பார்த்து, “இது நம்ம ஊர்தானா?” என்றார் நைனா.) வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. இரண்டு கோடும் ஒழுங்காக வந்து 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சுச் சத்தத்தின் பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தன. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு இப்படித்தான் விழுமாம். ச, த மாதிரி மெய்யொலிகள் நழுவுவதால் பேச்சு குழம்புகிறது. சத்தத்தை உணரும் உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. எண்ணெயோ செவிப்பறையைத் தாண்டியே போகாது. பறையில் ஓட்டை இருந்தால் சீழ் வைக்கும்.

அப்புறம் அரசு மருத்துவமனை சித்தா பிரிவுக்கும் போனோம். அந்த டாக்டர் நேர்மையானவர். “போன நரம்பைக் கொண்டாரேன்னு சொல்ல மாட்டேங்கய்யா. தூக்கம், சுகர், பிரஷர் கட்டுக்குள்ள இருந்தா இரைச்சலைத் தாங்கிக்கலாம். மிஷினைப் போடுங்க” என்றார். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். முழுமையான சிகிச்சை என்றால் எனக்கு இதுதான்: மிஷினோடு சேர்த்துச் செய்வது, மிஷினுக்குப் பதிலாக அல்ல. முகம் பார்த்து நிதானமாகப் பேச அம்மா பழகியதும் அதில் சேர்த்தி. அம்மாவுக்குத்தான் பொறுமை கொஞ்சம் கம்மி.

மிஷினுக்கு 312 நம்பர் பேட்டரி, பழுப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்து இரண்டு மூன்று நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். உரித்த பேட்டரி சும்மா கிடந்தாலும் தீர்ந்துவிடும். நைனா ஒரு அட்டை முழுவதையும் ஆசையாக உரித்து வைத்திருந்தார்!

திடீரென ஒரே நாளில் ஒரு காது அடைத்துக்கொண்டால் கதை வேறு. எண்ணெய், கஷாயம் என்று நாளைக் கடத்தாமல் அன்றைக்கே காது டாக்டரிடம் ஓட வேண்டும். ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாளிலேயே தொடங்கினால்தான் காது திரும்பக் கேட்க வாய்ப்பு அதிகம்.

மிஷின் வாங்குவதானால் லீவின் முதல் வாரத்திலேயே டெஸ்டை முடித்துவிடுங்கள். போட்டுப் பழகிய பிறகு சத்தத்தைத் திருத்தி வைக்க இன்னொரு தடவை கட்டாயம் போக வேண்டியிருக்கும்.