மூன்றாவது பேரல் பூட்டிய கையோடு: 6.5-284 பற்றி

அலுவலகத்தில் ஒரு தம்பி போன வாரம் கேட்டான். "அண்ணா, ஹெவி பேரல் போட்டு 1000 கஜத்துக்கு ஒரு ரைஃபிள் கட்டலாம்னு இருக்கேன். உங்களது மாதிரியே 6.5-284 எடுத்துடவா?"

6.5-284 என்பது நான் சுடுகிற தோட்டாவின் பெயர், ஹெவி பேரல் என்றால் தடித்த குழல். அவன் கேட்ட நேரம் சரியில்லை. முதல் இரண்டு பேரலும் தேய்ந்து போய், அதற்கு முந்தின நாள்தான் மூன்றாவதைப் பூட்டி வாங்கி வந்திருந்தேன். "வேண்டாம்டா, அந்தப் பக்கமே போகாதே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது ஆத்திரத்தில் சொன்ன பதில். ஆறு வருஷம் ஒரே காலிபரை வைத்துச் சுட்டவன் அப்படி ஒரு வரியில் முடிப்பது அவனுக்கும் நியாயமில்லை, துப்பாக்கிக்கும் நியாயமில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சுடுவது அமெரிக்காவில், அரிசோனாவின் ஃபீனிக்ஸில், பென் ஏவரி மைதானத்தில். எஃப்-ஓப்பன் பிரிவு. முன்னால் துப்பாக்கியைத் தாங்குகிற ரெஸ்ட், பின்னால் மணல் பை, படுத்த நிலை. துப்பாக்கி ஸ்கோப்போடு சேர்த்து 10 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஆக்‌ஷன், ஸ்டாக், டிரிக்கர், ஸ்கோப் எதிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. பேரல் 30 அங்குலம், கையால் சுற்றிப் பிடிக்க முடியாத தடிமன், உள்ளே ரவையை, அதாவது பறந்து போகிற குண்டைச் சுழற்றும் திருகு வரிகளான மரை 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. என் பிரச்சினை முழுவதும் அந்த 30 அங்குலத்தில் முதல் மூன்று நான்கு அங்குலத்துக்குள் இருக்கிறது.

தோட்டா உட்காரும் அறை முடிந்து மரை தொடங்குகிற இடத்தைத் தொண்டை என்போம். வெடிமருந்து எரிகிற சூடும் அழுத்தமும் முதலில் தாக்குவது அங்கேதான். 6.5-284 தோட்டாவில் ஏறக்குறைய 50 கிரெய்ன் (சுமார் 3.2 கிராம்) மருந்து எரிகிறது. பரவலாகப் புழங்குகிற .308 தோட்டாவில் 44, 45 கிரெய்ன். வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் 6.5 ஓட்டையின் பரப்பு .308ஐவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு. மருந்து அதிகம், போக வழி குறுகல். அத்தனை நெருப்பும் அந்த வாய்க்கால் வழியாகத்தான் பாய வேண்டும்.

முதல் பேரல் 1,050 ரவுண்டு தாங்கியது. கழற்றுவதற்கு முன், குழலுக்குள் பார்க்கிற போர்ஸ்கோப் கருவியை விட்டுப் பார்த்தேன். மழை பொய்த்த வருஷத்தில் வற்றிப்போன குளத்துத் தரை எப்படிப் பாளம் பாளமாக வெடித்திருக்கும்? அப்படி இருந்தது உள்ளே. மரையின் முனைகள் கரைந்து, எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அங்கிருந்து நாலு அங்குலம் தள்ளிப் பார்த்தால் புதுப் பேரல் போல மின்னுகிறது. வாய் வரைக்கும் அதே மினுமினுப்பு. பெரும்பகுதி நல்லதாக இருக்கிற ஒரு பொருளைத் தூக்கிப் போடுவது எனக்கு ஒப்பவே இல்லை. அப்பா கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். உடைந்த டூல் பிட்டைக்கூடச் சாணை பிடித்துத் திரும்ப மாட்டுகிற வீட்டில் வளர்ந்தவன் நான்.

தேய்ந்து போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தேய்ந்துகொண்டே இருப்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. ரவையை மரைக்கு எவ்வளவு அருகில் உட்கார வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கூட்டமாக விழுவதும் சிதறுவதும். என் துப்பாக்கிக்கு மரையிலிருந்து 20 தௌ தள்ளி இருந்தால் பிடிக்கும். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் தொண்டை ஒரே இடத்தில் நின்றால்தானே? முதல் பேரலில் அது 1,000 ரவுண்டுக்குள் 70 தௌ முன்னால் ஓடிவிட்டது. 150 ரவுண்டுக்கு ஒருமுறை கேஜ் போட்டு அளந்து, ரவையைக் கூட்டுக்குள் அழுத்தி உட்கார வைக்கிற சீட்டிங் டையைத் திருகி, ரவையை வெளியே இழுத்து வைத்து, மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். அப்படிச் சுட்டுப் பார்க்கிற ஒவ்வொரு ரவுண்டும் அதே தொண்டையை இன்னும் கொஞ்சம் தின்கிறது. என் முதல் பேரலின் 1,050 ரவுண்டில் போட்டியில் சுட்டது 600தான். மிச்சமெல்லாம் பேரலோடு மல்லுக்கட்டியே போனது.

இதில் மனசு நோகிற இடம் ஒன்று உண்டு. 1000 கஜம் எஃப்-கிளாஸ் குறித்தாளில் பத்து மதிப்பெண் வட்டம் குறுக்கே 10 அங்குலம். ஒன்பது 20 அங்குலம். ரவை கடிகாரத்தில் 3 மணி இருக்கிற பக்கம் விழுந்து ஒன்பது வாங்கினால் அது என் தப்பு. காற்றைச் சரியாகப் படிக்கவில்லை. ஏற்றுக்கொண்டு அடுத்த ரவுண்டுக்குப் போவேன். அதே ஒன்பது 6 மணியில் விழுந்தால்? காற்று ரவையைப் பக்கவாட்டில்தான் பெரிதாகத் தள்ளும், கீழே இறக்காது. மூச்சை அடக்கி, பையை அழுத்தி, எல்லாம் முறையாகச் செய்த பிறகும் மேலேயும் கீழேயுமாக விழ ஆரம்பித்தால், தொண்டை மறுபடி நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். 900 ரவுண்டுக்கு மேல் தொடர்ந்து 20 ரவுண்டு சுடுகிற ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் அந்த 6 மணிப் புள்ளிக்காகப் பயந்துகொண்டே சுட்டிருக்கிறேன். குறித்தாளுக்குக் கீழே குழியில் இருப்பவர், ரவை விழுந்த இடத்தில் வட்டத் தட்டைச் செருகிப் பலகையை மேலே ஏற்றுகிற அந்தச் சில நொடியில் வயிறு கலங்கும்.

இரண்டாவது பேரலில் நடந்தது காலிபரின் குற்றமில்லை. அதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். பொருத்திக் கொடுத்த கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை செய்கிற தொழிலாளி) ஆறு வாரம் என்று சொல்லி ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். பிப்ரவரியில் பென் ஏவரியில் நடக்கிற பெர்கர் சவுத்வெஸ்ட் நேஷனல்ஸ் போட்டியைச் சுடும் வரிசைக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். வந்த பேரலிலும் அறையையும் தொண்டையையும் குடைகிற ரீமரில் நான் கேட்டதைப் போடாமல், கைவசம் இருந்த வேறொன்றைப் போட்டுத் தொண்டையை நீளமாக வெட்டியிருந்தார். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. பழைய அளவில் அடைத்து வைத்திருந்த 200 தோட்டாவும் வீண். வேலை சுத்தமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். 1,180 ரவுண்டு வரை நன்றாகவே சுட்டது. ஆனாலும் மூன்றாவதை வேறொருவரிடம் கொடுத்தேன்.

தம்பி இன்னொன்றும் சொன்னான்: "ஹெவி பேரல்தானே அண்ணா, அது லேசில தேயாதே." நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஹெவி பேரல் சூடாக நேரமெடுக்கும். 20 ரவுண்டு சுடும்போது கானல் மாதிரி ஸ்கோப்புக்கு முன்னால் அலையடிக்காது. விறைப்பாக இருப்பதால் அதிர்வு குறையும். எடை கூடுவதால் உதையும் குறையும். அத்தனையும் உண்மை. ஆனால் தொண்டையில் நெருப்பு படுவது உள்தோலில். வெளியே எத்தனை கிலோ எஃகு சுற்றியிருந்தாலும், அந்த உள்தோலின் சூட்டை அது வாங்கிக்கொள்ள ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் நேரம். தடிமனை நம்பி, இடைவெளி கொடுக்காமல் சுட்டுக்கொண்டே இருந்தால்தான் இன்னும் சீக்கிரம் போகும். ஃபீனிக்ஸ் ஜூன் மாதத்தில், நிழலிலேயே 43 டிகிரி அடிக்கும்போது, பேரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தோட்டாவைப் போடுவேன்.

இவ்வளவு திட்டியும் இதையே ஏன் மூன்றாவது தடவை பூட்டினேன் என்பதற்கு ஒரு பிற்பகல்தான் காரணம்.

காற்று ரவையைத் தள்ளுவது அது எவ்வளவு நேரம் பறக்கிறது என்பதைப் பொறுத்தது என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி. காற்றுத் தடையே இல்லாவிட்டால் ரவை 1000 கஜத்தை எத்தனை நொடியில் கடந்திருக்கும், இப்போது எத்தனை நொடியில் கடக்கிறது, இரண்டுக்கும் உள்ள தாமதம் எவ்வளவு, அதுதான் கணக்கு. .308ல் 175 கிரெய்ன் ரவை நொடிக்கு 2,600 அடி வேகத்தில் கிளம்பினால் அந்தத் தாமதம் அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். 6.5-284ல் 140 கிரெய்ன் மெலிந்த ரவை 2,950 அடியில் கிளம்பினால் மூன்றில் ஒரு பங்கு நொடியைக் கொஞ்சம் தாண்டும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் .308 சுமார் 100 அங்குலம் ஒதுங்கும், 6.5-284 சுமார் 65. காற்றை நான் 1 மைல் தப்பாகக் கணித்தால் .308ல் 10 அங்குலம் போய் எட்டின் விளிம்பில் நிற்கும். 6.5-284ல் அதே தப்பு ஒன்பதுக்குள் அடங்கும். அரை மைல் தப்பென்றால் பத்துக்குள்ளேயே நிற்கும்.

அன்றைக்குக் கொடிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் அடித்துக்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்த கொடி இடப்பக்கம், நடுவில் இருந்தது தொங்கல், குறித்தாள் பக்கத்தில் இருந்தது வலப்பக்கம். கானல் கொதித்தது. வரிசையில் எல்லாரும் எட்டும் ஒன்பதுமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பேரல் அப்போது 400 ரவுண்டில் இருந்தது, தொண்டை என் சொல் கேட்கிற வயது. 20 ரவுண்டில் 197. அந்த மூன்று ஒன்பதும் பக்கவாட்டில்தான். மேலும் கீழும் எல்லாம் ஒரு கை அகலத்துக்குள், கோடு கிழித்த மாதிரி. எழுந்து நிற்கும்போது கால் நடுங்கியது. இந்தக் காலிபர் நல்ல நாளில் கொடுப்பதை வேறு எதுவும் எனக்குக் கொடுத்ததில்லை. அதை மனசாரச் சொல்கிறேன்.

மற்றவற்றைப் பற்றியும் அவன் கேட்பான். 6.5 கிரீட்மூர் 2007ல் ஹார்னடி கொண்டு வந்தது. மருந்து 41, 42 கிரெய்ன்தான், பேரல் 2,500 ரவுண்டு தாண்டும், கடையில் பெட்டித் தோட்டாவாகவே நல்ல தரத்தில் கிடைக்கும். வீட்டில் தோட்டா அடைக்க விருப்பமில்லாதவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். காற்றில் 6.5-284ஐவிட ஒரு படி கீழே, அவ்வளவுதான்.

என் காலிபரின் தாய் .284. வின்செஸ்டர் 1963ல் வெளியிட்டது. வயிறு பெருத்து, அடி விளிம்பு மட்டும் சிறுத்து, தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டுகிற .308 போல்ட்டிலேயே உட்காரும்படி செய்த தோட்டாக் கூடு. அதன் கழுத்தைச் சுருக்கியதுதான் 6.5-284. கழுத்தைச் சுருக்காமல் 7 மி.மீ. ரவையிலேயே, 180 கிரெய்ன் போட்டு, 2,800 அடிக்குச் சற்று மேலே அனுப்பினால் காற்றில் ஏறக்குறைய இதே கணக்குத்தான் வருகிறது. பேரலோ 2,000 ரவுண்டு தாங்குகிறது. உதை கூடுதல், அது ஒன்றுதான் விலை. எஃப்-ஓப்பன் வரிசையில் ஏன் இத்தனை பேர் 7 மி.மீ.க்குப் போனார்கள் என்று கேட்கவே தேவையில்லை. பேரலை மட்டும் மாற்றினால் போதும், போல்ட்டைத் தொட வேண்டியதில்லை. புதுக் கன்ஸ்மித்தும் இதையேதான் சொன்னார். கேட்டுக்கொண்டேன். பிறகு 6.5 என்றே எழுதிக் கொடுத்தேன். அந்தப் பிற்பகல் கண்ணுக்குள் இருந்தது.

இப்போது காசுக் கணக்கு. பேரலும் கூலியுமாக எனக்கு 900 டாலர். 1,100 ரவுண்டு என்று வைத்தால் ஒரு தடவை டிரிக்கரை அழுத்த பேரல் தேய்மானம் மட்டும் 80 சென்ட்டுக்கு மேல். .308 பேரல் 5,000 ரவுண்டு ஓடும். அதில் 18 சென்ட்.

ஆகவே தம்பி, வாங்காதே. ஆத்திரம் அடங்கிய பிறகும் பதில் அதேதான். .308 எடு. எஃப்-டிஆர் பிரிவில் .223ம் .308ம் மட்டும்தான் அனுமதி, முன்னால் தாங்குகிற இரண்டு கால் பைபாட் சேர்த்து 8.25 கிலோ. உன்னோடு போட்டியிட்டு வரிசையில் படுத்திருப்பவனுக்கும் அதே காற்று, அதே ஒதுக்கம். 168 கிரெய்ன் ரவை மலிவாகக் கிடைக்கிறது என்று 1000 கஜத்துக்கு எடுத்து வராதே. அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒலியின் வேகத்துக்கு இறங்கித் தடுமாறும். 200 கிரெய்ன் பக்கம் போ. ஒதுக்கம் 80 அங்குலத்துக்கு வந்துவிடும், தோள்பட்டையில் கொஞ்சம் தெரியும், பழகிவிடும். முதல் 2,000 ரவுண்டில் உன் தொண்டை என்னுடையது மாதிரி ஓடாது. 6 மணியில் ஒன்பது விழுந்தால் அது உன்னுடையது என்று தெரிந்துகொண்டு திருத்தலாம். எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

என்னிடம் பழைய .308 ஒன்று பெட்டியில் இருக்கிறது, 200 கிரெய்னில் 60 தோட்டா அடைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை 6 மணிக்கு வந்துவிடு, வெயில் ஏறுவதற்குள் சுட்டுப் பார்த்துவிடலாம். என்னுடையதையும் கொண்டு வருகிறேன். புதுப் பேரல், 40 ரவுண்டுதான் ஆகியிருக்கிறது. அதில் நீ சுட வேண்டாம்.