பழைய கையா, புது முகமா? லீக் டூ கிளப்புக்கு எந்த மேனேஜர்?

மேனேஜரை (அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளரை) அனுப்பியாச்சு, அடுத்து யார் என்று இங்கிலாந்து கால்பந்தின் மூன்றாம், நான்காம் பிரிவுகளான லீக் ஒன், லீக் டூ ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும்போது கடைசியில் இரண்டு வகை ஆட்கள்தான் மிஞ்சுவார்கள்: கீழ்ப் பிரிவுகளிலேயே ஊறிய பழைய கை, இல்லை முதல் முறை பொறுப்பேற்கும் புது முகம்.

செலவு
பழைய கை: வேலையில்லாமல் இருந்தால் சம்பளத்தோடு சரி.
புது முகம்: வேறு கிளப்பில் ஒப்பந்தம் இருந்தால் அங்கே நஷ்டஈடு அழ வேண்டும்.

வேகம்
பழைய கைதான், சந்தேகமே இல்லை. அப்படிப்பட்ட ஒரு பழைய கையான ஸ்டீவ் எவன்ஸ் 2022 மார்ச்சில் ஸ்டீவனேஜ் கிளப்புக்கு வந்தபோது அணி லீக் டூவை விட்டே விழும் ஆபத்தில் இருந்தது. தப்பித்தது மட்டுமல்ல, அடுத்த சீசனிலேயே இரண்டாம் இடம் பிடித்து லீக் ஒன்னுக்கு ஏறிவிட்டது.

நீடிப்பு
இங்கே புது முகம். 2021 டிசம்பரில் அப்போது லீக் ஒன்னில் இருந்த இப்ஸ்விச் கிளப் எடுத்த கீரன் மெக்கென்னாவுக்கு 35 வயது, அதுவரை மேனேஜராக இருந்ததே இல்லை, மான்செஸ்டர் யுனைடெட்டில் பயிற்சியாளர். 2023இல் லீக் ஒன்னைத் தாண்டினார், 2024இல் பிரீமியர் லீகுக்கே கூட்டிப்போனார். (புது உரிமையாளர்களின் பணம் பின்னால் இருந்தது, அதை வசதியாக மறந்துவிடுகிறோம்.)

ஆபத்து
புது முகத்துக்கே அதிகம். 2023 டிசம்பரில் அப்போது லீக் டூவில் இருந்த ஃபாரஸ்ட் கிரீன் கிளப்பில் முதல் முறையாக மேனேஜர் பொறுப்பை ஏற்ற ட்ராய் டீனி ஆறே ஆட்டங்களில், ஒரு வெற்றிகூட இல்லாமல் வெளியே.

ஜனவரியில் 22ஆம் இடத்தில் தவிக்கிற அணி என்றால் யோசிக்காமல் பழைய கையைக் கூப்பிடுங்கள், மொத்தம் 24 அணிகளில் கீழே இரண்டே இடம்தான் பாக்கி. நடுவில் நிம்மதியாக இருக்கிறீர்கள், உரிமையாளருக்கும் பொறுமை உண்டு என்றால் மட்டும் புது முகம்.